காரின் 'மூளை'யை மாற்றி எழுதும்போது பேட்டரி இறங்கினால் கதி என்ன?

"அண்ணே, வண்டி இன்னும் கொஞ்சம் பறக்கணும். என்ன பண்ணலாம்?"

ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இளவட்டங்கள் கேட்கும் கேள்வி இது.

முன்பெல்லாம் இதற்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கார்புரேட்டரில் 'ஜெட்' மாற்றுவார்கள். திருகைக் கொஞ்சம் திருப்புவார்கள். சத்தத்தைக் கேட்டே "செட் ஆயிடுச்சு" என்பார்கள். பிடிக்கவில்லையா? திருகைப் பழையபடி திருப்பினால் தீர்ந்தது.

இப்போது அந்த வேலை லேப்டாப்புக்குப் போய்விட்டது. 1950-களிலேயே புல்லட் தயாரான ஊர் திருவொற்றியூர். 2020 ஏப்ரல் 1-ந் தேதி 'பி.எஸ்.6' புகை விதி வந்ததும், அந்தப் புல்லட்டிலேயே கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கார்களிலோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தாயிற்று.

சிறிய பெட்டி, பெரிய வேலை

'ஈ.சி.யு.' என்பது கையடக்கமான பெட்டி. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்தக் கணத்தில் பொறி அடிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணையாக இருக்கிறது. அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான் 'ரீபிளாஷ்'.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் வயரைச் சொருகி, லேப்டாப்பில் பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் எழுதி முடியும்வரை கண்டம்தான்!

அந்த நேரத்தில் என்ஜின் ஓடாது. சாவி மட்டும் 'ஆன்' நிலையில் இருக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. பாதியில் பேட்டரி இறங்கினால் பழையது அழிந்திருக்கும், புதியது முழுதாக ஏறியிருக்காது. கார் நின்ற இடத்திலேயே நிற்கும். பெட்டியைக் கழற்றி, மேஜையில் வைத்து உயிர் கொடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வேறு பெட்டிதான்.

"புதுப்பேட்டையில பழசு கிடைக்குமே" என்று அலட்சியமாக இருக்க முடியாது. பல கார்களில் பெட்டியும் சாவியும் ஜோடி சேர்ந்திருக்கும். வேறு காரின் பெட்டியை அப்படியே மாட்டினால் கார் ஸ்டார்ட் ஆகாது.

உஷார்!

* முதல் வேலை, பழைய பைலை நகல் எடுப்பது. இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

* பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். 13 வோல்ட்டுக்கு மேல் சீராகக் கொடுக்கும் சப்ளையை மாட்ட வேண்டும். ஏறி இறங்கும் சாதாரண சார்ஜர் ஆகாது.

* ஏ.சி., ஹெட்லைட், பாட்டு எல்லாம் 'ஆப்'.

* லேப்டாப் நடுவில் தூங்கக் கூடாது. வயரை யாரும் தொடக் கூடாது.

"பறக்குது" என்றால் போதுமா?

புது பைல் ஏறியதும் "வேற லெவல்ணே" என்பார்கள். அது காதும் மனசும் சொல்வது. கணக்கு சொல்ல வேண்டாமா?

பழைய பைலில் மூன்று ஓட்டம், புதிய பைலில் மூன்று ஓட்டம். ஒரே நாள், ஒரே பங்க் பெட்ரோல், ஒரே டயர் காற்று, ஒரே என்ஜின் சூடு. உச்சிவெயிலில் ஒன்றையும், கடல்காற்று வந்த பிறகு மற்றொன்றையும் ஓட்டினால், தெரிவது சென்னை வெயிலின் வித்தியாசம்தான். சூடான காற்றில் என்ஜின் இழுவை குறையும்.

கடைசியாகப் பழைய பைலையே மறுபடி ஏற்றி ஓட்ட வேண்டும். முதலில் வந்த கணக்கே திரும்ப வந்தால்தான் நடுவில் கண்ட வித்தியாசம் நிஜம்.

இந்த ஓட்டத்துக்கு எண்ணூர் ரோடு இடமல்ல. அங்கே கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். உருளை மேல் காரை நிறுத்தி ஓட்டும் 'டைனோ' இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகளும் இதே வேலையைச் செய்கின்றன. சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் புரோகிராமை டீசல் கார்களில் வைத்திருந்ததாக 2015 செப்டம்பரில் போக்ஸ்வேகன் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது. அந்த டிசம்பரில் இந்தியாவில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களைப் புரோகிராம் திருத்தத்துக்காகத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. இழுவையும் புகையும் ஒரே பைலுக்குள் இருக்கும் சங்கதி!

தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. எனவே மைதானத்தில் சோதித்த பைலோடு ரோட்டுக்கு வரக் கூடாது. பழைய பைலை ஏற்றிக்கொண்டே வீடு திரும்ப வேண்டும்.

ஆக, பழைய பைல் இருந்தால் கார் பிழைக்கும், கணக்கு நிற்கும், சட்டமும் தொடாது. "பழைய பைலை எடுத்து வச்சாச்சா?" என்று முதலில் கேளுங்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்தால், சாவியைக் கொடுக்காதீர்கள்!