கடற்குளிப்புக்கு ஏற்ற சட்டை எது?

பாடசாலை விடுமுறை பிறந்ததும் குடும்பமாகக் கடற்கரைக்குச் சென்று மகிழ்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரை குளிப்பதற்கு ஏற்றதாய் அமைகின்றது. பாசிக்குடாவின் ஆழமற்ற நீரிலே சிறுவர் துள்ளி விளையாடுவர். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவிலே பவளப் பாறைகளைக் காண்பதற்குச் சிலர் படகேறுவர். பொத்துவில் அறுகம்பேயிலே வேறு சிலர் அலைச்சறுக்குப் பயிலுவர்.

இத்தகைய பிரயாணத்துக்குக் கட்டுச்சோறும் குடிநீரும் மறவாமல் எடுத்துச் செல்லும் பெற்றோர், பிள்ளைகள் எதனை உடுத்துக் கடலில் இறங்குவது என்பதை மட்டும் சிந்திப்பதில்லை. பழைய ரீ-சேட் ஒன்று போதும் என்று விட்டுவிடுகின்றனர். அதன் பலனை அன்றிரவே காணலாம். தோள் கன்றி, முதுகு காந்தி, மல்லாந்து படுக்கவியலாது பிள்ளை தவிக்கும்.

இவ்வேதனையைப் பெரிதும் தடுக்கவல்ல சட்டையொன்று இப்பொழுது கடைகளிற் கிடைக்கின்றது. 'றாஷ் கார்ட்' என்பது அதன் பெயர். நாம் அதனை நீச்சற் சட்டை என்றே வழங்குவோம். அலைச்சறுக்குவோர் குப்புறப் படுத்துக் கைகளால் நீரை வலித்துச் செல்லும் பலகையிலே, கால் வழுக்காதிருக்க மெழுகு பூசியிருப்பர். அம்மெழுகில் மணலும் ஒட்டிக்கொள்ள, நெஞ்சும் வயிறும் உரைஞ்சுண்டு புண்ணாகும். அந்த உரைஞ்சலைத் தடுக்கத் தோன்றிய மெல்லிய சட்டையே இது. இன்று வெயிலுக்குக் கவசமாகவும் யாவருக்கும் பயன்படுகின்றது.

நனைந்த பருத்தியின் குறை

நம் தீவு மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் உள்ளது. ஆதலால் நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் உச்சந்தலைக்கு அண்மையிலிருந்தே விழுகின்றது. தோலைக் கன்றச் செய்பவை அவ்வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்களாம். நீருள் நின்றால் இவை தீண்டா என்று கருதுதல் தவறு. அரை மீற்றர் ஆழத்திலும் இக்கதிர்களில் ஏறத்தாழ 40 வீதம் எஞ்சியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உலர்ந்த கடற்கரை மணலும் தன்மேற் படும் கதிர்களில் 15 வீதமளவைத் திருப்பி வீசுகின்றது. கடல்நீர் குளிர்ச்சியாயிருப்பதனால் தோல் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. அதுவே பெரிய அபாயம்.

வெள்ளைப் பருத்தி ரீ-சேட், உலர்ந்திருக்கும்போது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கதிர்களை உள்ளே விடும். நனைந்துவிட்டாலோ, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உட்புகும். நூலிழைகளுக்கு இடையேயுள்ள வெளியை நீர் நிரப்புவதால், கதிர்கள் சிதறாமல் நேரே ஊடுருவுகின்றன. கடலில் நனையாத சட்டை ஏது? எனவே கரையிலே காப்பதுபோலத் தோன்றும் சட்டை, தேவையான வேளையிற் கைவிட்டுவிடுகின்றது.

கறுத்த தோலினர்க்கு இவையெல்லாம் வேண்டியதில்லை என்பாரும் உளர். நம் தோலிலுள்ள நிறப்பொருள் ஓரளவு காப்பளிப்பது உண்மையே. வெள்ளையரிலும் பார்க்க நம்மிடையே தோற் புற்றுநோய் அரிது என்பதும் உண்மையே. ஆயினும் கறுத்த தோலும் வெயிலிற் கன்றும், சுருங்கும். குழந்தைகளின் தோலோ மிக மென்மையானது.

இலக்கத்தைப் பாருங்கள்

ஆடை எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்பதை அளக்க, 1996 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரு நியமத்தை வகுத்தன. அதன்படி ஆடைக்கு 'யூ.பி.எவ்.' என்னும் இலக்கம் வழங்கப்படுகின்றது. அவ்விலக்கம் 50 ஆயின், விழும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 வீதமே உட்புகும். சட்டை வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது இந்த இலக்கத்தையே. 50 அல்லது 50+ என்று பொறித்திருத்தல் நன்று. இலக்கமே இல்லாவிடின், துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபுறம் தெளிவாய்த் தெரியுமாயின் அது உதவாது.

நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலுடன், இழுபடும் தன்மையுள்ள நூலைச் சேர்த்து இச்சட்டைகளை நெய்கின்றனர். 1958 ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட 'லைக்கிரா' அத்தகைய நூலே. நைலோன் மென்மையானது. குளோரின் கலந்த நீச்சற் குளத்தில் அடிக்கடி பயில்வோருக்குப் பொலியெஸ்ரர் நீடித்து உழைக்கும்.

அளவும் நிறமும்

வளரும் பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் இல்லங்களின் வழமை. பள்ளிச் சீருடைக்கு அது பொருந்தலாம், அலைச்சறுக்குக்குப் பொருந்தாது. தளர்ந்த துணியுள் நீர் புகுந்து ஊதும். மடிப்பு விழுந்த இடம் உரைஞ்சும். மிக இறுக்கமானதும் தகாது. துணி அளவுமீறி இழுபடும்போது இழைகள் விலகி, கதிருக்கு வழி திறந்துவிடும். உடுத்தபின் இரு கைகளையும் மேலே தூக்கச் செய்யுங்கள். அக்குள் பிடியாமலும் வயிறு வெளிப்படாமலும் இருந்தால் அளவு சரி. தையல்கள் உள்ளே புடைத்திராது தட்டையாய் அமைந்துள்ளனவா என்பதையும் விரலால் தடவி அறிக.

மணலில் விளையாடும் சிறுவர்க்குச் சற்றுத் தளர்ந்த சட்டையே சௌகரியம். முன்புறம் சிப் வைத்தது கழற்ற இலகு. பலகையிற் குப்புறப் படுப்போர்க்கோ அந்தச் சிப் நெஞ்சில் அழுத்தும். பவளப் பாறை காண்போர் முகத்தை நீருள் வைத்து மிதப்பதால், அவர்தம் முதுகும் பிடரியும் நெடுநேரம் வெயில் காயும். நீண்ட கையும் உயர்ந்த கழுத்தும் அவர்க்கு அவசியம்.

கடும் நிறங்கள் கதிரை நன்கு தடுக்கும். எனினும் நீலச் சட்டை கடல்நீரோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். செம்மஞ்சள், கடும் இளஞ்சிவப்பு போன்ற நிறங்கள் தூரத்திலும் பளிச்சிடும். குழந்தையின் சட்டைக்கு அழகிலும் பார்க்க இதுவே முதன்மையானது.

பெண் பிள்ளைகளுக்கு

இங்கு நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. நம் பெண் பிள்ளைகள் பலர் பாவாடை சட்டையுடனோ சுரிதாருடனோ கடலில் இறங்குகின்றனர். நனைந்த துணி காலைச் சுற்றிப் பிணிக்கும். நீந்தப் பழக இடங்கொடாது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, கிழக்குக் கரையில் ஆண்களிலும் பெண்களே கூடுதலாக மாண்டனர். நீந்த அறியாமையும் உடலைச் சுற்றிய உடையும் அதற்குரிய காரணங்களுட் சில என்று ஆராய்ந்தோர் கூறினர். நீண்ட கை வைத்த நீச்சற் சட்டையும் கணுக்கால் வரையுள்ள காற்சட்டையும் உடலை மூடுகின்றன, கைகால்களையும் கட்டுவதில்லை. அடக்கத்துக்கும் நீச்சலுக்கும் பகையில்லை என்பதற்கு இவ்வுடையே சான்று. அறுகம்பேயிலே 2018 ஆம் ஆண்டு இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியதை இங்கு மகிழ்ச்சியுடன் குறிப்பிடலாம்.

காப்பும் பராமரிப்பும்

சட்டை மூடாத முகம், கழுத்து, கைகளுக்கு வெயிற்களிம்பு வேண்டும். அதனை இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும். உடலை மூடும் சட்டையினால் களிம்பின் செலவு குறைவதோடு கடலுக்கும் நன்மையுண்டு. பவளத்துக்குத் தீங்கு செய்யும் எனக் கருதப்படும் இருவகை இரசாயனங்கள் சேர்ந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய்த் தீவுகள் 2021 ஆம் ஆண்டு முதல் தடைசெய்துள்ளன.

குளித்து வந்ததும் சட்டையை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பும் குளோரினும் தங்கினால் நூலின் இழுபடும் தன்மை கெடும். வெளிற்றும் தூளும் சூடான இஸ்திரிப்பெட்டியும் ஆகா. தொய்ந்து மெலிந்த சட்டையைக் கடலுக்கு மீண்டும் கொண்டுசெல்லல் வேண்டாம்.

நீச்சற் சட்டை உயிர்காப்பு அங்கி அன்று என்பதையும் பெற்றோர் நினைவிற் கொள்வாராக. அது வெயிலைத் தடுக்கும். நீரில் மிதக்கச் செய்யாது. பிள்ளைகளுக்கு நல்ல சட்டையொன்றை வாங்கிக் கொடுங்கள். அதனோடு நீச்சலையும் பழக்குங்கள். அவர்கள் நீரில் நிற்கும்வரை உங்கள் கண்களைக் கரையிலுள்ள வேறெதிலும் செலுத்தாதிருங்கள்.