மின்கோபுரத்துக்குக் குழி வெட்டும் முன்…

1863 மே 30. பல்லாவரம் ராணுவ அணிவகுப்புத் திடலருகே சரளைக்காக வெட்டிப் போட்டிருந்த குழி ஒன்றில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான். அந்தக் குழியை வெட்டியவர்கள் தேடியது சரளையை மட்டுமே. விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் வந்ததால் கல் தப்பியது.

அதே பல்லாவரத்தில் 1880களில் அலெக்சாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். திரிசூலம், கடப்பேரி, வண்டலூர் என்று சென்னையின் தெற்குப் புறநகர்க் குன்றடிகளிலெல்லாம் இரும்புக்கால மக்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்த கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் இருந்தன. பல இடங்கள் இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

பாதுகாப்பு என்றால் என்ன என்பது இங்கே வீடு கட்ட முயன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத் திட்டமே இந்த விதியைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

ஆனால் இதே சட்டம், ‘கட்டுமானம்’ எது என்று சொல்லும் இடத்தில், பொதுமக்களுக்கான மின் விநியோகப் பணிகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமான திட்டங்களைப் பட்டியலிடும் 2006 அறிவிக்கையிலும் மின்தொடர் பாதைகள் இல்லை. மாடி எழுப்ப ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரின் தெருவில், மின்வடத்துக்குத் தடையில்லாமல் பள்ளம் தோண்டலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. மத்திய அரசின் அனுமதியோ நிதியோ பெறும் திட்டம் எதுவானாலும், அதனால் வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டம். மின்பாதைகளும் அதில் அடக்கம்.

இப்படியொரு முன்னாய்வு அப்படியொன்றும் பெரிய வேலையல்ல. முதலில் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கிறார்கள். பிறகு பாதை நெடுகிலும் சிலர் வரிசையாக நடக்கிறார்கள். மண்ணில் பாதி புதைந்து வட்டமாகக் கிடக்கும் பாறைகள், உழவில் மேலே வந்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, செம்புறாங்கல் சரளைக்கு நடுவே விளிம்பு கூர்மையாகக் கிடக்கும் படிகக்கல் என எது கண்ணில் பட்டாலும் ஜிபிஎஸ் கருவியில் இடம் குறிக்கப்படுகிறது. சந்தேகமான இடத்தில் மட்டும் சிறு சோதனைக்குழி.

உயரழுத்தப் பாதைக்கு இது இன்னும் சுலபம். 400 கிலோவோல்ட் பாதையில் கோபுரங்கள் சுமார் 400 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. மண்ணைத் தொடுவது பெரும்பாலும் கோபுரத்தின் நான்கு கால்கள்தான். வரைபடக் கட்டத்திலேயே தெரிந்துவிட்டால், கோபுரத்தைச் சற்றுத் தள்ளி நட்டுக் கல்வட்டத்தைக் காப்பாற்றலாம். புதைவடம் அப்படியல்ல, அதற்கு வழி நெடுக மண்ணைக் கிழித்தாக வேண்டும். கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் பணி தாம்பரம் பக்கம் பெருகப் பெருக, முன்னாய்வின் தேவையும் கூடுகிறது.

சட்டம் திருந்தும்வரை, குழி வெட்டும் இடத்தில் நிற்பவர்களின் கண்தான் காவல். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் சொல்கிறது. உங்கள் தெருப் பள்ளத்தில் தாழியின் விளிம்போ ஓடோ தெரிந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.