பழைய சரக்கு வண்டி வாங்கப் போகிறீர்களா?

வட்டிக் கடனில் புது வண்டி எடுப்பதைக் காட்டிலும், கையிலுள்ள பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கி ஹலாலாகப் பிழைப்பதே மேல் என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகையை விற்றதாகவோ, வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்ததாகவோ இருக்கும். பொருந்தாத எஞ்சினில் அதை முடக்கிவிட்டால், எந்த வட்டிக்கு அஞ்சி ஒதுங்கினீர்களோ அதே வட்டிக்காரரின் வாசலில் நிற்க நேரிடும். ஆகவே, பெயின்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் எஞ்சினைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

காய்கறியும் தண்ணீர் கேனும் ஏற்றுவோர் வாங்கும் மாருதி சூப்பர் கேரியையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் இது வெளிவந்தபோது 793 சி.சி. டீசல் எஞ்சின் இருந்தது. இரண்டே சிலிண்டர், 32 குதிரைத்திறன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது அது நிறுத்தப்பட்டது. 1196 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், அதிலேயே சி.என்.ஜி.யில் ஓடும் வகையும் தொடர்ந்தன.

"டீசல் வண்டி, நல்ல மைலேஜ்" என்பார் விற்பவர். பொய்யன்று. விலையும் குறைவாகவே சொல்வார். ஏன் குறைவு என்று கேளுங்கள். அந்த டீசல் எஞ்சின் இந்த வண்டியைத் தவிர செலேரியோ காரில் மட்டுமே சில காலம் இருந்தது. உதிரி பாகமும், அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கும் எளிதில் கிடைப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினோ பல்லாண்டுகள் ஈக்கோ வேனில் ஓடியது; சிற்றூர் மெக்கானிக்கும் அறிந்தது. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுபவராகவும், அந்த டீசலை அறிந்த மெக்கானிக் அருகில் உள்ளவராகவும் இருந்தாலன்றி, அதை விட்டுவிடுவதே நலம் என்பேன்.

சி.என்.ஜி. வண்டிக்கு ஓட்டச் செலவு குறைவு. ஆயினும், பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றுமென்றால், இது 625 கிலோதான் ஏற்றும். 25 கிலோ அரிசிப் பைகள் நான்குக்கு மேல் குறைந்துபோகிறது! பெட்ரோல் தொட்டியும் வெறும் 5 லிட்டர். உங்கள் வழியில் எரிவாயு நிலையம் இல்லையென்றால் இது உங்களுக்கான வண்டி அன்று. எரிவாயு சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதித்த சான்றிதழைத் தவறாமல் கேளுங்கள். வெளியில் பொருத்திய சி.என்.ஜி. என்றால், ஆர்.சி.யில் அது பதிவாகியிருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்க ஃபஜ்ர் தொழுததும் புறப்படுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் 'ஸ்டார்ட்' உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஐயப்படுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

விற்பவர் நீங்களாக இருந்தாலோ? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வணிகரைக் கேட்டார்கள். எஞ்சினில் உள்ள குறையும் அந்த ஈரம் போன்றதே. வாங்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள். நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யையும் கையொப்பமிட்ட 35-ஆம் படிவத்தையும் கையில் வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.