அம்மாவிடமே சொல்லுங்க, டாக்டர்

அறுவை முடிந்த அன்று இரவு ஐசியூ வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "பாட்டி ரொம்பக் குழப்பமா இருக்காங்க. கேட்டதுக்குப் பதிலே இல்ல, டியூபைப் பிடுங்கறாங்க. கையைக் கட்டி வெச்சிருக்கோம், பயப்படாதீங்க."

என் அம்மாவுக்கு 74 வயது. காதுக்கருவி இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தக் கருவிகள் இரண்டும் ஒரு சின்ன டப்பாவுக்குள் என் கைப்பையில் இருந்தன.

தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் வளையல், பல் செட், காதுக்கருவி எல்லாவற்றையும் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் வெளியே வந்ததும் திருப்பிப் போட்டுவிடுவது யாருடைய வேலை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலமே டப்பாவை எடுத்து நீட்டினேன். "உள்ள பேஷண்ட் பொருள் எதுவும் வாங்க மாட்டோம்மா, தொலைஞ்சா எங்க தலையில விழும்" என்று வாசலில் இருந்தவர் கையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் காலை டூட்டி மாறி வந்த ஓர் இளம் சிஸ்டர்தான் என்னையும் டப்பாவையும் உள்ளே விட்டார். அம்மாவின் கருவியைக் காதில் வைக்கும்போது 'கீ' என்று ஒரு விசில் எழும். சரியாகப் பொருந்தினால் அடங்கிவிடும். அடங்கியதும் சிஸ்டர் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"வலி கிடக்கட்டும். கையை எதுக்கும்மா கட்டியிருக்கீங்க?"

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மணிக்கட்டில் காஜ் துணி அழுந்திய தடம் சிவந்து கிடந்தது.

அந்த ராத்திரிக் குழப்பம் முழுக்கக் காதினால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவைப்போல இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொள்ளும் முதியவர்களுக்கு டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம் அடிக்கடி வரக்கூடியது. வலி, மயக்க மருந்து, தூக்கம் கெடுவது, உடம்பில் நீர் வற்றுவது, தொற்று என்று அதற்குப் பல காரணங்கள். காதும் கண்ணும் சரியாக வேலை செய்யாமல் கிடப்பதும் அவற்றில் ஒன்று.

ஷாரன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குழப்பத்தைப் பற்றி ஒரு பெரிய ஆய்வே செய்து 1999-இல் வெளியிட்டார். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குக் கண்ணாடியையும் காதுக்கருவியையும் கையருகே வைத்தார்கள், தேதியையும் கவனிப்பவர்களின் பெயரையும் பலகையில் எழுதிக் காட்டினார்கள், சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தார்கள், தண்ணீர் குடிக்க நினைவூட்டினார்கள், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்குக் குழப்பம் வந்தது. மறுபாதியில் 9.9 சதவீதத்தினருக்குத்தான். இதற்கெனப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. நோயாளியை மனுஷராக நடத்துவதை மருத்துவம் முடிந்த பிறகு நேரமிருந்தால் காட்டும் கருணை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதுவே வைத்தியம்தான்.

அம்மா சத்துணவுத் திட்டம் தொடங்கிய 1982-லேயே அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர். அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பெல்லாம் கிராம் பிசகாமல் பதிவேட்டில் இருக்கும். எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அவருடைய அறுவைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது என்னிடம். அம்மா அப்போது முழு நினைவோடு, கருவி மாட்டிக்கொண்டு, நாலடி தள்ளிக் கட்டிலில் படுத்திருந்தார். "பாட்டிக்கு ஹார்ட் பம்பிங் கொஞ்சம் கம்மி, ரிஸ்க் இருக்கு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன்.

வீட்டாருக்குச் சொன்னால் நோயாளிக்குச் சொன்ன மாதிரிதான் என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தந்த தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் கேட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்குப் பதிலாகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத உரிமை மகளுக்கு எங்கிருந்து வரும்?

வார்டுக்கு மாற்றிய பிறகு வேறு விதமான தொல்லை. "பாட்டி" என்று கூப்பிட்டதில் அம்மாவுக்குக் குறையில்லை, அதில் பிரியம் இருந்தது. "பதினாலுக்கு டிரெஸ்ஸிங் ஆச்சா?" என்று கட்டில் எண்ணைச் சொல்லித் தலைக்கு மேலே பேசிக்கொண்டபோதுதான் முகம் சுருங்கியது. உடம்பு துடைக்கும்போது ஸ்கிரீனை இழுத்துவிட மறந்துவிடுவார்கள், வார்டு பாய் டிராலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போவார். பின்பக்கம் நாடா கட்டிய அந்த கவுனை எத்தனை இழுத்துவிட்டாலும் மூடாது.

எல்லாவற்றையும்விட அம்மாவை உடைத்தது டயாப்பர். பிசியோதெரபிஸ்ட் வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டுப் போயிருந்தார், நாலு எட்டு நடக்கவும் முடிந்தது. ஆனாலும் பாத்ரூம் போகவேண்டும் என்றால், "அதிலேயே போயிடுங்க பாட்டி, மாத்திவிடறோம்" என்பதுதான் பதில். அம்மா சண்டை போடவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். டம்ளர் வைத்தது வைத்தபடி இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. உதடு வெடித்திருந்தது, சிறுநீர் மஞ்சளாக, எரிச்சலோடு போனது. இந்த வயதில் நீர் வற்றினால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த சிஸ்டர்களை வில்லிகளாக்க எனக்கு மனமில்லை. ராத்திரியில் அந்த நீள வார்டுக்கு இரண்டே பேர், அதிலும் ஒருவர் பாதி நேரம் சார்ட் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு முதியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வரக் கால் மணி நேரம் ஆகும், டயாப்பர் மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆள் குறைத்து மிச்சம் பிடிக்கும் நிர்வாகத்தின் கணக்கு, கடைசியில் படுத்திருப்பவரின் மானத்தில் வந்து கழிகிறது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அம்மாவின் பெயர். இரண்டு காதிலும் கருவி உண்டு, மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசவும். வாக்கரோடு பாத்ரூம் வரை நடப்பார், என்னைக் கூப்பிடவும். இவ்வளவுதான். அடுத்த ஷிஃப்டில் வந்த ஆயாம்மா அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து வழக்கம்போல என்னிடம் ஆரம்பித்தபோது, "அம்மாவிடமே சொல்லுங்க டாக்டர், நான் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றேன். ஒரு கணம் தயங்கினார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எக்ஸ்ரே கவரின் பின்புறம் பந்தும் கிண்ணமுமாக இடுப்பு மூட்டை வரைந்து, உடைந்த இடத்தையும் மாற்றிய பாகத்தையும் காட்டினார்.

"எப்போ நான் கீழ உட்காரலாம்?" என்றார் அம்மா. வீட்டில் காய் நறுக்குவது, பூ கட்டுவது எல்லாம் தரையில்தான்.

"தரையில உட்காரவே கூடாதும்மா. குத்துக்காலும் கூடாது, சம்மணமும் கூடாது. மூட்டு நழுவிடும். வீட்ல எந்த டாய்லெட்?"

இந்திய முறைக் கழிப்பறை. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. டிஸ்சார்ஜுக்குள் தம்பி கொத்தனாரைப் பிடித்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் கைப்பிடியும் பதித்தான். உட்கார்ந்து பேசிய அந்தச் சில நிமிடம் இல்லையென்றால் வீடு திரும்பிய அன்றே மூட்டு நழுவியிருக்கலாம்.

கேட் கிரேஞ்சர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், முதியோர் மருத்துவம் பார்த்தவர், புற்றுநோயோடு 2013-இல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன்னிடம் வரும் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். "வணக்கம், என் பெயர் இன்னது" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள் என்று அவர் ஆரம்பித்த இயக்கம் உலகம் முழுக்கப் போனது. 2016-இல் 34 வயதில் இறந்தார். நம் நாட்டிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் நோயாளியிடம் பேசும் முறையும் ஒழுக்கநெறியும் 'ஏட்காம்' என்ற பெயரில் பாடமாகியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வார்டுக்கு வரும்போது அங்கே இருக்கும் பெரியவர்கள் அதைக் கேலி செய்து மறக்கடிக்காமல் இருக்க வேண்டும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. தெரிந்த மொழியில் விளக்கம் கேட்கலாம், கவனிப்பவர் யார், என்ன பொறுப்பில் இருப்பவர் என்று கேட்கலாம், ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். அட்மிஷன் கவுன்ட்டரில் இந்தச் சாசனம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள். நோயாளியின் பெயரில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதலாம்.