தோற்பதற்கும் ஆட்டம் வேண்டும்

2025 டிசம்பர் 2ஆம் திகதி டாக்கா தேசிய விளையாட்டரங்கில் பங்களாதேஷ் பெண்கள் உதைபந்தாட்ட அணி அஸர்பைஜானிடம் 2–1 என்று தோற்றது. சில நாட்களுக்கு முன்னர் அதே மைதானத்தில் மலேசியாவிடமும் 1–0 எனத் தோற்றிருந்தது. மூன்று நாடுகள் மோதிய சிநேகபூர்வத் தொடர் அது. சொந்த மண்ணில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோல்வி. எனக்கு அந்தத் தோல்விகள் மேல் பொறாமையாக இருந்தது. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், கொடகவெல தோட்டப் பக்கம் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொறாமை விளங்கும்.

அஸர்பைஜானுக்கு எதிராகக் கோல் போட்டவர் மரியா மண்டா. மைமன்சிங் மாவட்டத்தின் எல்லைப்புறக் கிராமமான கல்சிந்தூரைச் சேர்ந்த காரோ இனப் பெண். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரின் அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஒன்றிலிருந்து மட்டும் தேசிய அணிக்கு ஒரு கூட்டமே போயிருக்கிறது. அதே அணியின் இன்னொருவர் ரிது பர்ணா சக்மா, ரங்காமதி மலைநாட்டுக்காரி. 2024 தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டியில், காத்மண்டுவின் நிறைந்த அரங்கில், 81ஆவது நிமிடம் இடப்பக்கமிருந்து அவர் அடித்த பந்துதான் நேபாளத்தை 2–1 என வீழ்த்தியது. சிறுபான்மையினர், மலையோரத்தவர், வசதியற்றவர் என்று நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே இவர்களுக்கும் பொருந்தும்.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் வீதியில் கொடகவெலயில் இறங்கி மேலே ஏறினால் தேயிலையும் றப்பரும்தான். தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் சமதரை என்று இருப்பது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் மட்டும். பின்னேரம் அதைப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் விழுந்தால் ஒருவன் இறங்கிப் போய், காலில் ஏறிய அட்டையை உதறிக்கொண்டு, எடுத்து வரவேண்டும். கரையில் நிற்கிற தங்கச்சிமார் அந்தப் பந்தை ஒரு தடவை உதைத்துவிட்டால் போதும், யார் கால் நல்ல கால் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குள் தண்ணீர் பிடிக்கவும், அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் அடுப்பு மூட்டவும் நேரமாகிவிடும்.

சிநேகபூர்வப் போட்டி என்றதும் சும்மா ஒரு விளையாட்டு என்று நினைத்துவிடுகிறோம். கிண்ணம் இல்லைதான். ஆனால் தோற்றாலும் எதிலிருந்தும் வெளியேற வேண்டியதில்லை என்பதால் பயிற்றுவிப்பாளர் பதினேழு வயதுப் பிள்ளையையும் துணிந்து இறக்கலாம், இடைவேளையில் ஆளை மாற்றிப் பார்க்கலாம். 2025 மே கடைசியில் பங்களாதேஷ் ஜோர்தானுக்குப் போய் இந்தோனேசியாவுடன் 0–0, ஜோர்தானுடன் 2–2 எனச் சமநிலை கண்டது. ஒரு மாதம் கழித்து யங்கோனில் மியன்மாரை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று, முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் ரிது பர்ணாவுடையவை. தங்களைவிடப் பலமான அணிகளோடு நின்று பிடித்த கால்கள் மியன்மாரைக் கண்டு நடுங்கவில்லை.

நம் மொழி பேசும் உதாரணமும் உண்டு. ஆடாமல் கிடந்ததால் 2009இல் பீஃபா தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணி நீக்கப்பட்டது. அந்த அணி 2024 பெப்ரவரியில் துருக்கியின் அலன்யாவில் நடந்த துருக்கிப் பெண்கள் கிண்ண சிநேகபூர்வத் தொடரில் எஸ்தோனியாவை 4–3 என வென்றது. அதில் ஒரு கோல் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசனுடையது. சுனாமி அடித்த அந்தக் கரையில், பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தைக் கொடுத்த பயிற்றுவிப்பாளர்களின் உழைப்பு அலன்யா வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இலங்கை? 2012இல் தெற்காசியக் கிண்ணத்தைக் கொழும்பிலேயே நடத்தி அரையிறுதிக்கும் வந்த நாடு இது. அன்று பங்களாதேஷ் நம் குழுவில்தான் இருந்தது; அரையிறுதிக்குப் போனது நாம். பிறகு நிர்வாகச் சண்டைகள். 2023 ஜனவரியில் பீஃபா தடை விதித்து ஆகஸ்டில்தான் நீக்கியது. பெரியவர்கள் போட்ட சண்டைக்கு அந்த மாதங்களில் சர்வதேச ஆட்டத்தை இழந்தவர்கள் பந்தைத் தவிர வேறொன்றும் அறியாத பெண்கள். 2024 தெற்காசியக் கிண்ணத்தில் நம் அணி முதல் சுற்றோடு திரும்பியது. ஆட்டமே கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு அந்தப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

தேசிய அணிக்கு ஆட்டம் இல்லாவிட்டால் அது கீழே வரைக்கும் தைக்கும். ஆண்டுக்கு ஓரிரு போட்டிதான் என்றால் தெரிவாளர்கள் ஏற்கெனவே தெரிந்த முகங்களையே எடுப்பார்கள். இராணுவ, கடற்படைக் கழகங்களைத் தாண்டித் தேட அவர்களுக்கு அவசியம் இராது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி போலப் பெண்கள் உதைபந்தாட்டத்தை விடாமல் வளர்த்த பாடசாலைகள் வடக்கில் உண்டு. சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை.

கொழும்பில் மூன்று நாட்டுத் தொடர் ஒன்று நடத்த முடியாத காரியமல்ல. மாலைதீவையும் பூட்டானையும் அழைத்தாலே தொடங்கிவிடலாம். அதோடு சேர்த்து இங்கே செய்யவேண்டியது சின்னக் காரியம்: தோட்ட நிர்வாகம் வாரத்தில் இரண்டு பின்னேரம் பெரட்டுக்களத்தைப் பெண்பிள்ளைகளுக்கு விடவேண்டும், வலயக் கல்விப் பணிமனை ஒரு பயிற்றுவிப்பாளரை அனுப்பவேண்டும், பயிற்சி முடிந்து இருட்டுகிற நேரத்தில் பிள்ளைகளை லயம் வரை கொண்டுபோய் விட ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டி இல்லாவிட்டால் எந்தத் தாயும் மகளை அனுப்பமாட்டாள். அனுப்பாததில் தப்பும் இல்லை.