மலை சூழ்ந்த ஊரில் வானொலிப் பெட்டி

வானொலிப் பெட்டியைப் பற்றி வானொலியிலேயே பேசுவது, கண்ணாடிமுன் நின்று கண்ணாடியைப் புகழ்வது போலத் தோன்றக் கூடும். ஆயினும், கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதனினும் நல்ல பொருள் அகப்படுவது அரிது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டுக் குன்றுகளும். வடகிழக்கே தேனியை நோக்கி மட்டுமே வாய் திறந்த இந்தத் தொட்டிலுக்குள் நெடுந்தொலைவிலிருந்து ஒரு குரல் எங்ஙனம் வந்து சேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் மின்சாரத்தைச் சொல்ல வேண்டும். 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே எங்கள் பக்கம் இறங்குகிறது. வயலுக்காக வந்த அந்நீரையே குழாய்களில் பாய்ச்சிச் சுழலிகளை ஓட்டும் மின் நிலையம், கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 1950-களின் இறுதியில் எழுந்தது. பயிருக்கு வந்த தண்ணீர் போகிற போக்கில் விளக்கையும் ஏற்றிச் சென்றது என்க.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்தது வால்வு வானொலி. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டிய காலம் அது. அவ்வழக்கம் 1980-களில் ஒழிந்தது. விசையைத் திருகியவுடன் பெட்டி பேசிவிடாது. வால்வுகளினுள் இருக்கும் இழை சூடேறினால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அதுவரை காத்திருக்க வேண்டும். பச்சைக் கண்ணொன்று மெல்ல ஒளிர, பின்னர்ச் செய்தி வாசிப்பவரின் குரல் வரும். நாற்பது ஐம்பது வாட் மின்சாரத்தின் பெரும்பகுதி இச்சூட்டிலேயே கழிந்தது. ஆனால் ஒரு நன்மை உண்டு. பழுதான வால்வைப் பிடுங்கி, வேறொன்றைச் செருகலாம். முதுகுப் பலகையைக் கழற்றினால் பெட்டியின் உள்ளுறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய கைபேசியோ பசையிட்டு ஒட்டப்பட்டது. அதைத் திறப்பதற்கே தனிக் கருவி வேண்டும். இது முன்னேற்றமே எனினும், பொருளை வாங்கியவன் அதன் உள்ளே நோக்கும் உரிமையை இழந்ததை நான் முன்னேற்றமாகக் கருதவில்லை.

எங்கள் பாட்டனார் திராட்சை பயிரிட்டவர். பறிக்கும் தறுவாயில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் வீணாகும். ஆகவே வானிலை அறிக்கை வரும் நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. தோட்டத்தில் தங்கும் நாள்களில் அவருக்குத் துணையாக இருந்தது டிரான்சிஸ்டர் பெட்டி. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பர்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகியோரின் உழைப்பால் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1956-இல் அம்மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குச் சூடேறும் இழை தேவையில்லை. சில பேட்டரிக் கட்டைகளே போதும். கட்டை தளர்ந்தால் பாட்டனார் அதை வெயிலில் காய வைப்பார். இதை மூடப்பழக்கம் என்று நகைக்க வேண்டாம். வெப்பத்தால் உள்ளே நிகழும் வேதிவினை சற்று விரைவுபெறுவதால், சிறிது நேரத்துக்கேனும் பெட்டி மீண்டும் பேசும்.

இனி, மலையைத் தாண்டும் வித்தையைக் காண்போம். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ் என்று நெடுங்காலம் கேட்டிருக்கிறோம். அதன் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அத்துணை நீண்ட அலை நிலத்தை ஒட்டி வளைந்து, குன்றுகளின் பின்புறத்தையும் ஓரளவு எட்டும். இரவிலோ வேறொரு புதுமை நிகழ்கிறது. பகலில் வானின் உயரத்தே கதிரவன் ஒளியால் உண்டாகும் மின்னூட்டப் படலம் ஒன்று மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அப்படலம் மறைய, அதற்கும் மேலுள்ள படலங்களில் பட்டு அலைகள் பூமிக்குத் திரும்புகின்றன. பகலில் ஊமையாய் இருந்த முள்ளின் இடங்களில் இரவில் அறியாத மொழிகள் கேட்டதன் காரணம் இதுவே.

கோடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதன் அலைநீளம் வெறும் 3 மீட்டர். இத்தகைய அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் மலை மறித்தால் பெரிதும் தடைபடும். எனவே பரப்பும் கம்பம் உயரத்தில் நிற்க வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து கோடைக்கானல் சமவெளியை நோக்குகிறது. எங்களை அடைத்து வைத்த மலைகளுள் ஒன்றே எங்களுக்குக் குரல் கொடுக்கும் மேடையாயிற்று! மலை நிழலில் ஒதுங்கிய சிற்சில தோட்டங்களில் மட்டும் இரைச்சல் மிகும். கைபேசி அலைகளோ ஒரு முழத்துக்கும் குறுகியவை. ஆதலின் அவற்றுக்கு ஊர்தோறும் கோபுரம் வேண்டியிருக்கிறது. அடிவாரத்துத் தோட்டத்தில் நிற்பவர் இன்றும் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரப்பில் அங்குமிங்கும் நடப்பதைக் காணலாம்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வானொலி வசதியுள்ள கைபேசிகள் பலவும், காதுக்கருவியின் கம்பியைச் செருகினால்தான் பண்பலையைப் பிடிக்கும். அக்கம்பியே அங்கு அலைவாங்கி. அதன் நீளத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். மூன்று மீட்டர் அலையை நன்கு பிடிக்க அலைநீளத்தின் நாலில் ஒரு பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பி போதும். கம்பியைக் கையில் சுருட்டிக் கொள்ளுங்கள். பின்னர் நீட்டிப் பிடியுங்கள். ஒலி எவ்விதம் மாறுகிறது என்பதை உங்கள் செவியே சொல்லும்.