ரத்தினக் கல் சேகரிப்பு: திருப்பூர்க்காரர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

திருப்பூரில் மெர்ச்சன்டைசராக இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். டையிங்கில் இருந்து வந்த லேப் டிப், ஆபீஸ் டியூப் லைட்டில் பையர் அனுப்பிய ஸ்வாட்ச்சோடு அப்படியே ஒத்துப்போகும். லைட் பாக்ஸுக்குள் வைத்து டி65-ல் இருந்து டிஎல்84-க்கு மாற்றினால் ஷேடு வேறாகத் தெரியும். மெட்டாமெரிசம் என்பார்கள். ரத்தினக் கல் சேகரிக்க விரும்புகிறவருக்கு முதலில் தேவைப்படுவதும் இந்தச் சந்தேகக் கண்தான்.

நகையில் பதிக்காத உதிரிக் கற்களை, அதாவது லூஸ் ஸ்டோன்களை, ஸ்டாம்ப், நாணயம் சேர்ப்பதுபோல வாங்கிச் சேர்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கு. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கல்லுல காசு போட்டா ஏறுமாங்க?" ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை இருக்கிறது. கல்லுக்கு அப்படிக் கிடையாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தாலும் பாதி விலை கிடைத்தால் பெரிது. ராசிக்கல்லும் வேறு கணக்கு. அங்கே விலையில் ஒரு பங்கு நம்பிக்கைக்குப் போகிறது. சேகரிப்பவர் காசு கொடுப்பது கல்லுக்கு மட்டும்தான்.

நம்ம ஊர்க் கல்

திருப்பூரில் இருந்து காங்கேயம் போகும் வழியில் இருக்கிறது படியூர். இங்கே கிடைத்த பெரில் வகைக் கல், வெளிர் நீலத்தில் இருந்தால் அக்வாமரின், பழங்காலத்திலேயே பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்தச் சுரங்கத்தைத் தோண்டி வேலை நடத்தினார். பக்கத்து சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் இந்தக் கனிமத்தின் நிற வகைகள்தான். காங்கேயம் பக்கம் சந்திரகாந்தக் கல்லும், அதாவது மூன்ஸ்டோனும் கிடைக்கும்.

திருப்பூரைத் தாண்டி நொய்யலோடு கிழக்கே போனால் ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் நடத்திய அகழாய்வுகளில் பெரில், நீலம், படிகம், சூதுபவளம் என மணிகள் வந்தன. உடைத்தது, தேய்த்தது, துளை போட்டுப் பாதியில் விட்டது என ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்ததால், அது வெறும் சந்தை இல்லை, பட்டறையே அங்கேதான் இருந்தது என்று தெரிந்தது. ஏற்றுமதி இந்த ஆற்றங்கரைக்குப் புதிதில்லை. அன்று மணி, இன்று டி-ஷர்ட்.

போலியும் புதிதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் அபூர்வம் என்று எழுதினார். கையோடு, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றி மற்ற கற்களைப்போல, குறிப்பாகப் பெரிலைப்போல செய்துவிடுகிறார்கள் என்றும் எழுதி வைத்தார். சாயத் தொழிலும் நமக்குப் பழசு என்று சிரித்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது?

மாணிக்கம், மரகதம், நீலம் பக்கம் முதல் வருடம் போகவே வேண்டாம். மிக அதிகம் ஏமாறுவது அங்கேதான். அமெதிஸ்ட், சிட்ரின் போன்ற படிக வகைகள், கார்னெட், மூன்ஸ்டோன், சின்ன அக்வாமரின் போதும். ஒரு கல்லுக்கு ஆயிரம் ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால், ஏமாந்தாலும் பாடமாகப் போகும்.

கடையில் மஞ்சள் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே சிவப்புக் கல் எல்லாமே ஜொலிக்கும். வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கிக் காட்டும். "கொஞ்சம் வெளியே வெயில் படாத வெளிச்சத்துல பார்க்கட்டுங்களா?" என்று கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப். துணியில் நூல் எண்ணும் பிக் கிளாஸ் பிடித்துப் பழகிய கைக்கு இது சுலபம். உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். மாணிக்கத்தில் வளைந்த கோடுகள் ஓடினால் ஆய்வகத்தில் வளர்த்த செயற்கைக் கல். இந்த முறையை 1902-ல் பிரான்ஸின் வெர்னொய் அறிவித்தார். செயற்கைக் கல் பட்டை தீட்டுவது திருச்சியில் குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. செயற்கை என்று சொல்லி விற்றால் தப்பில்லை, சேகரிக்கவும் செய்யலாம். சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

மூன்ஸ்டோன் என்ற பெயரில் ஓபலைட் என்ற கண்ணாடி நிறைய வருகிறது. கறுப்புத் துணிமேல் நீலமாக மினுங்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு அடிக்கும். நிஜ மூன்ஸ்டோனில் அந்த நீல ஒளி, கல்லைத் திருப்பத் திருப்ப உள்ளுக்குள் நகரும்.

பெயர்களிலும் வலை இருக்கிறது. பெரில் என்ற சொல்லே வைடூரியத்தோடு தொடர்புடையது என்கிறார்கள். ஆனால் இன்று நம் கடைகளில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல். அதிலும் கிரைசோபெரில் பூனைக்கண் ஒரு விலை, குவார்ட்ஸ் பூனைக்கண் அதில் சிறு பங்கு. அதனால் பில்லில் கனிமத்தின் பெயர், எடை, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்று எழுதி வாங்குங்கள். எடையைக் காரட்டில் கேளுங்கள். ஒரு காரட் 0.2 கிராம். ரத்தி கணக்கு ஊருக்கு ஊர் மாறும். விலை உயர்ந்த கல் என்றால் மட்டும் லேப் சர்டிபிகேட். ஐநூறு ரூபாய்க் கல்லுக்கு அது வீண் செலவு.

தோண்டக் கூடாது

"படியூர்ல எங்க காட்டுலயே கிடைச்சதுங்க" என்று யாராவது கல் நீட்டினால் நிதானம் தேவை. 1957-ம் ஆண்டு கனிமச் சட்டப்படி, அரசு அனுமதி இல்லாமல் தோண்டுவது சொந்த நிலத்திலும் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. அந்தக் கல்லை வாங்கினால் நீங்களும் விசாரணையில் சிக்கலாம். தவிர, அது படியூர்க் கல்தான் என்பதற்கு அவர் வாய்வார்த்தையைத் தவிர ஆதாரமும் இருக்காது. கொடுமணல் பக்கம் மழைக்குப் பிறகு மணி கண்ணில் பட்டாலும் பையில் போட வேண்டாம். நூறு வருடத்தைத் தாண்டிய பொருள் தொல்பொருள். வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.

வாங்கிய கற்களை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். குருந்தத்தின் கடினம் 9, பெரில் எட்டுக்குக் கொஞ்சம் கீழே, படிகம் 7, மூன்ஸ்டோன் ஆறு சொச்சம். கடினமானது மற்றதைக் கீறிவிடும். தனித்தனி ஜிப் கவர் போதும். ஸ்வாட்ச் கார்டில் எழுதுவதுபோல ஒவ்வொன்றின்மேலும் பெயர், எடை, எங்கே வாங்கியது, தேதி, விலை.